ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீங்க!

என் உடம்பில் கடைசி மூச்சு இருக்கும்வரை என் காரை யாருக்கும் விற்க விடமாட்டேன் என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான் செய்தேன். வாய்விட்டுச் செய்தால் சமையலறைக்குக் கேட்டுவிடும்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னக் கார். வயசான கார். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம் என்று எனக்கு அதை விற்றவர் சொன்னார். உட்காரலாம். மூச்சு விடக்கூடாது. கதவை அடித்துச் சாத்தினால் கண்ணாடி தானாக இறங்கிவிடும். மழை பெய்தால் வெளியே நிற்பவரைவிட உள்ளே இருப்பவர் சீக்கிரம் நனைவார். இருக்கட்டும். இந்தப் பரந்த உலகத்தில் நான் உட்கார்ந்த பிறகு, 'கொஞ்சம் எழுந்திரிங்க, பெருக்கணும்' என்று யாரும் சொல்லாத ஒரே இடம் அதன் டிரைவர் சீட்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அதில் போய் உட்கார்ந்துவிடுவேன். வண்டி நகராது. நானும் நகரமாட்டேன். என் மனைவி அதற்கு 'உங்க சின்ன வீடு' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

சின்ன வீட்டில் ஒரே ஒரு குறை. ஹேண்ட் பிரேக் பிடிக்காது. இழுத்தால் நறநறவென்று பெரிய சத்தத்தோடு மேலே வரும். வண்டி அதைச் சட்டையே செய்யாது. வீட்டில் நான் குரலை உயர்த்துவதும் அப்படித்தான்.

அதனால் மேடான தெருவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு கருங்கல் வைத்திருந்தோம். அது எப்போதும் என் மனைவியின் காலடியில் இருக்கும். நான் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, "கல்லு!" என்பேன். அவள் கதவைத் திறந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்லோடு குதித்து, சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பாள். நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் இதைச் செய்யும்படி ஆகிவிட்டது. அந்த வாசல் மேட்டில் இருப்பது என் குற்றமா? அவள் அங்கே கணக்கு டீச்சர். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே வரும் நேரம். தலைமையாசிரியையும் கூடவே வந்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குக் 'கல்லு டீச்சர்' என்று பெயர்.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே பாட்டு.

"ஏங்க, அந்த ஹேண்ட் பிரேக் கேபிளை மாத்தித் தொலைங்களேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?"

நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வேன். இப்படியே காலம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கைப்பையை மேஜைமேல் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். சாவகாசமாகச் சொன்னாள்.

"வண்டியை வித்துட்டேன்."

"எந்த வண்டியை?"

"நம்ம வாசல்ல என்ன, ரயிலா நிக்குது? அதைத்தான்."

"என்னைக் கேக்காம எப்படி விப்பே?"

"வண்டி யார் பேர்ல இருக்கு?"

அவள் பேரில்தான் இருக்கிறது. வாங்கும்போது பெரிய மனதாக நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். பெரிய மனதே இருக்கக்கூடாது.

"யாரு வாங்கறாங்க?"

"ஒரு டீச்சர். எனக்கு ரொம்ப வேண்டியவங்க. இப்பத்தான் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கறாங்க."

"ஹேண்ட் பிரேக் பிடிக்காதுன்னு சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? இருக்கறபடியே குடுங்கன்னுட்டாங்க. அதனால நீங்க ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீங்க."

"நான் ஏன் தொடப்போறேன்?"

"தொடக்கூடாது. தொட்டாலும் உங்களுக்கு வராது. கேபிளைக் கழட்டறதெல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க வேலை."

வராது! அந்த ஒரு வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. நான் யார்? காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து விபத்துக்குள்ளான கார்களின் இழப்பீட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவன். பிரேக் டிரம், பிரேக் ஷூ, பின்பக்க அச்சு எல்லாம் எனக்கு எழுத்தில் அத்துப்படி. கையால் தொட்டதில்லை, அவ்வளவுதான். எனக்கா வராது?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பில் அடங்காத பிள்ளைகளை எப்படிப் படிக்க வைக்கிறாள் என்று முன்பொரு தரம் என் மனைவி சொல்லியிருந்தாள். "கடைசிக் கணக்கைப் போடாதீங்க, அது உங்களுக்கு வராது" என்பாளாம். உடனே கடைசி பெஞ்சுவரை வரிந்துகட்டிக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுவிடுமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், விவரம் தெரியாத பிள்ளைகள் என்று இரக்கப்பட்டேன்.

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்ததில் அபாரமான திட்டம் ஒன்று உருவானது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றிவிடுவது. பின்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பரப்பி வைப்பது. 'இந்த மாடலுக்குக் கேபிள் எங்கேயும் கிடைக்காது' என்று உதட்டைப் பிதுக்குவது. சக்கரமில்லாமல் நிற்கிற காரை எந்த டீச்சர் வாங்குவாள்? வந்த வழியே போய்விடுவாள். அப்புறம் வருஷக்கணக்கில் என் சீட்டில் நான் பேப்பர் படிக்கலாம். என் புத்தியை நினைத்து எனக்கே பொறாமையாக இருந்தது.

திட்டத்துக்கு ஒரு துணை வேண்டும். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் யாரும் பல்லைக் காட்ட வரமாட்டார்கள். கை நமநமவென்று இருக்குமாம். வீட்டில் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார். காம்பவுண்டுச் சுவரோரம் கூப்பிட்டு ரகசியமாக விஷயத்தைச் சொன்னேன்.

"பிரமாதமான திட்டம் சார்," என்றார். "உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தோணுதோ!"

"மூச்சு விடக்கூடாது. முக்கியமா உங்க வீட்டம்மாகிட்ட சொல்லாதீங்க. அவங்க எங்க வீட்ல சொல்லிடுவாங்க."

"சேச்சே! நான் வாயைத் திறப்பேனா? மத்தவங்க வாயைத்தான் திறப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் வீட்டு வாசலைப் பார்த்தால் ஜாக்கி, ஸ்பேனர், சுத்தியல், தரையில் விரிக்கப் பழைய கோணி எல்லாம் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். வீல் நட்டின் அளவுக்குச் சரியான ஸ்பேனரைக்கூடத் தேடி வைத்திருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

காரைத் தூக்குமுன் முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒரு சக்கரத்துக்கு அவரே மரக்கட்டை கொண்டுவந்தார். இன்னொன்றுக்குக் கல் வேண்டும். காருக்குள் கல்லைக் காணோம். அது என் மனைவியின் பொறுப்பு. சமையலறைக்குப் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தக் கல்லு எங்கே?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது கல்லு கேப்பாங்களா? பேப்பர் கேப்பீங்க, காப்பி கேப்பீங்க. புதுசா கல்லு கேக்கறீங்களே?"

"வண்டி நாளைக்கு நம்மகிட்ட இருக்காது. கடைசியா ஒருதரம் துடைச்சு வைக்கலாம்னு பாத்தேன். துடைக்கும்போது நகரக்கூடாது பாரு."

"கதவுக்குப் பின்னாடி இருக்கு. எடுத்துக்குங்க. துடைக்கறதோட நிறுத்திக்குங்க. ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீங்க!"

"தொடமாட்டேன்னு சொல்றேனில்ல!"

கல்லை எடுத்துக்கொண்டு வெற்றிவீரனாக வெளியே வந்தேன். முதலில் காருக்குள் போய், ஹேண்ட் பிரேக் கைப்பிடியின் அடியில் இருக்கிற உறையைத் தூக்கி, கேபிளை இழுத்துப் பிடித்திருந்த நட்டைத் தளர்த்தினேன். வந்துவிட்டது! எனக்கா வராது? அடுத்து ஜாக்கியைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஸ்பேனரை மாட்டி வீல் நட்டைத் திருகினேன். நட்டு சுற்றியது. கூடவே சக்கரமும் சுற்றியது. இன்னும் பலமாகத் திருகினேன். இன்னும் வேகமாகச் சுற்றியது. ஸ்பேனரை விடாமல் பிடித்திருந்ததால் நானும் சுற்றினேன்.

"என்ன டாக்டர் இது?"

"வண்டி தரையில நிக்கும்போதே நட்டைத் தளர்த்திக்கணும் சார். அப்புறம்தான் தூக்கணும்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"உங்களுக்கு எல்லாம் அத்துப்படின்னு சொன்னீங்களே."

"சரி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டாச் சக்கரம் நின்னுடாதா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே புரிந்தது. டாக்டர் நாகரிகமாக வானத்தைப் பார்த்தார்.

இறக்கினோம், தளர்த்தினோம், மறுபடி தூக்கினோம். சக்கரம் வந்தது. அதற்குப் பின்னால் பிரேக் டிரம் என்கிற இரும்புச் சட்டி. அது வரவில்லை. துருப்பிடித்து அச்சோடு அச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் சுத்தியலால் சுற்றிலும் தட்டினேன்.

ஜன்னல் திறந்தது. "அங்க என்ன சத்தம்?"

"டயருக்குக் காத்து அடிக்கறேன்!"

"காத்து டங்கு டங்குன்னா கேக்கும்?"

"பழைய டயர்!"

"என்னமோ பண்ணுங்க. ஹேண்ட் பிரேக்கை மட்டும் தொடாதீங்க." ஜன்னல் மூடிக்கொண்டது.

அந்தக் கோபத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். டிரம் கழன்று என் மடியில் விழுந்தது. கூடவே கார் பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த கறுப்புத் தூசி மொத்தமும் என் முகத்துக்கு வந்தது. உள்ளே பிரேக் ஷூ. அதன் கொக்கியில் கேபிளின் நுனி. ஸ்பிரிங்கைத் தள்ளி நுனியைக் கொக்கியிலிருந்து விடுவிப்பதற்குள் என் விரல் அதில் சிக்கிக்கொண்டது. ஐயோ என்று கத்த வேண்டும். கத்தினால் ஜன்னல் திறக்கும். சத்தமில்லாமல் கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

இனிக் கேபிளை வெளியே இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அது பிரேக் ஷூவுக்குப் பின்னால் இருக்கிற தகட்டின் ஓட்டை வழியாகப் போகிறது. அங்கே விரல்விரலாக விரிந்த ஒரு கிளிப் அதைக் கவ்விக்கொண்டிருந்தது. எல்லா விரலையும் ஒரே சமயத்தில் உள்ளே அமுக்கினால்தான் விடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழுந்தது.

"வெட்டிடலாம் டாக்டர். நமக்கு வண்டி ஓடக்கூடாது, அவ்வளவுதானே?"

அவர் பதறிப்போனார். "வெட்டறதா? பாதியில வெட்டினா வேர் உள்ளயே நின்னுடும் சார். அப்புறம் புதுசு எப்படி..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "அதாவது, பொதுவாச் சொன்னேன். என் தொழில்ல பாதி வேலை வெச்சுக்கறதில்லை. நகருங்க."

சட்டைப்பையிலிருந்து பளபளப்பான ஒரு குறடை எடுத்தார்.

"இது எத்தனை பேர் வாய்க்குள்ள போனது?"

"ரிட்டயர் ஆன குறடு சார். இதுக்குப் பயந்தே பாதிப் பேருக்கு வலி போயிருக்கு."

வளையமான ஒரு ஸ்பேனரைக் கிளிப்பின்மேல் நுழைத்து அத்தனை விரலையும் ஒரே அமுக்காக அமுக்கினார். குறடால் கேபிளைக் கவ்வினார். "வலிக்காது, வலிக்காது" என்று காருக்கு ஆறுதல் சொன்னபடி ஆட்டி ஆட்டி இழுத்தார். நான் மறுபக்கம் அடியில் மல்லாந்து படுத்துத் தள்ளினேன். 'படக்'கென்று ஒரு சத்தம். கேபிள் வெளியே வந்தது. என் தலை காரின் அடிப்பாகத்தில் மோதியது.

"கொப்புளிச்சுத் துப்புங்க," என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில்.

இன்னொரு சக்கரத்திலும் இதே கதைதான். இதே தூசி. இதே தலை. மத்தியானம் ஆவதற்குள் முழுக் கேபிளும் என் கையில் இருந்தது. துருப்பிடித்து, நடுவில் நைந்து, ஒரு பக்கம் பிரிபிரியாகத் தொங்கியது. அதை மாலையாகத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன்.

என் மனைவி கன்னத்தில் கை வைத்தாள். "ஐயையோ! தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"வராதுன்னு சொன்னே. வந்துருச்சு, பாரு."

"இப்ப அவங்க சாயங்காலம் வந்தா நான் என்ன பதில் சொல்வேன்?"

"வரவேண்டாம்னு போன் பண்ணிடு. இந்த மாடலுக்குக் கேபிளே கிடையாது. ஊர் ஊராத் தேடினாலும் கிடைக்காது." உதட்டைப் பிதுக்கினேன். கண்ணாடிமுன் பழகியிருந்ததால் நன்றாகவே பிதுங்கியது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டி வைத்த புத்தம்புதுக் கேபிள்.

"இதுவான்னு பக்கத்துல வெச்சுப் பாருங்க."

நீளம் சரியாக இருந்தது. கொக்கி சரியாக இருந்தது. விரல்விரலான கிளிப்கூட அதேதான்.

"இது... எப்ப வாங்கினே?"

"போன மாசமே. மெக்கானிக்தான் வாங்கிக் குடுத்தார். மாட்டறது சுலபம், பழசைக் கழட்டறதுதான் பெரும்பாடு, என்னால முடியாதுன்னு கையை விரிச்சுட்டார். அவரால முடியாததை நீங்க முடிச்சிருக்கீங்க! சரி, போய்க் குளிங்க. மாட்டறதுக்கு அவரை வரச்சொல்றேன். புதுசை நீங்க தொடாதீங்க. கழட்டறது வேற, மாட்டறது வேற. அது உங்களுக்கு வராது."

"யாருக்கு வராது? கொடு இப்படி!"

பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து காரடியில் புகுந்துவிட்டேன். பழசு போன வழியிலேயே புதுசு வழுக்கிக்கொண்டு போனது. கிளிப் 'டக்'கென்று உட்கார்ந்தது. நுனியைக் கொக்கியில் மாட்டினேன். டிரம்மைப் பொருத்தினேன். ஒரு சக்கரத்தை மாட்டி முடித்து, இன்னொரு சக்கரத்தைக் கையில் எடுத்தபோதுதான், நான் எதற்காக இதைக் கழற்றினேன் என்பது ஞாபகத்துக்கு வந்தது. சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார் நிறுத்திட்டீங்க?"

"டாக்டர், நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்?"

"ரொம்ப நல்லாப் பண்ணிக்கிட்டிருக்கீங்க. இன்னும் ஒரே சக்கரம்தான்."

முடித்தேன். வேறென்ன செய்ய? காரை இறக்கி, முட்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே போய்த் தளர்த்திய நட்டை இறுக்கிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். பாதி தூரம் வந்ததும் கெட்டியாக நின்றது. டாக்டரும் நானும் சேர்ந்து தள்ளினோம். கார் அசையவில்லை. வாங்கிய நாளிலிருந்து அது இவ்வளவு உறுதியாக நின்று நான் பார்த்ததில்லை. இனி அது இன்னொருவருடைய வாசலில் உறுதியாக நிற்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் குளித்துவிட்டுக் கடைசியாக ஒருதரம் என் சீட்டில் போய் உட்கார்ந்தேன். பேப்பர்கூட எடுத்துப் போகவில்லை. ஸ்டியரிங்கைத் தடவினேன். மழையில் நனைந்ததை எல்லாம் நினைத்துக்கொண்டேன். அந்தக் கஷ்டமெல்லாம் அப்போது சுகமாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. என் மனைவி நல்ல புடவை கட்டி, தோளில் கைப்பை மாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"இறங்குங்க."

"அந்த டீச்சர் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். ஈ காக்கை இல்லை. "எங்கே?"

"உங்க கண்ணுக்கு முன்னாடி நிக்கறாங்க."

கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். போட்டோவில் அவளேதான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி இருந்தாள்.

"நீயா? எப்போ கத்துக்கிட்டே?"

"ஸ்கூல் விட்டதும் நானும் டாக்டர் வீட்டம்மாவும் சேர்ந்து போய்க் கத்துக்கிட்டோம். இந்த வண்டியை ஓட்டலாம்னா ஹேண்ட் பிரேக் பிடிக்கல. மேட்டுல நிறுத்தினா யார் கல்லு போடறது? நீங்க இறங்குவீங்களா?"

"அப்போ விக்கறேன்னு சொன்னது?"

"எனக்கே வித்துக்கிட்டேன். நகருங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் குனிந்து தன் ரோஜாச் செடியின் இலைகளை மிகுந்த கவலையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். கூப்பிட்டேன். காது கேட்காதவர்போல் இருந்துவிட்டார்.

நான் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தேன். உட்கார்ந்ததும் என் முழங்கால் முன்னால் இடித்தது. இவ்வளவு நாளும் இவள் இங்கே எப்படி உட்கார்ந்தாள் என்று அப்போதுதான் யோசித்தேன். அவள் காரை எடுத்தாள். நன்றாகவே ஓட்டினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே பள்ளிக்கூட வாசல் மேட்டில் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினாள். நான் பதறிக் கதவைத் திறந்தேன்.

"எங்கே இறங்கறீங்க?"

"கல்லு!"

"கல்லு எதுக்கு? அதைப் பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்தாச்சு. உக்காருங்க." ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் மலைபோல் நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "சும்மா சொல்லக்கூடாது. அருமையா மாட்டியிருக்கீங்க. ரெண்டு வருஷமா மாத்துங்க மாத்துங்கன்னு கெஞ்சினேன். நடக்கல. தொடாதீங்கன்னு சொன்னேன். ஒரே நாள்ல முடிஞ்சுது. எங்க கடைசி பெஞ்சுகூட இவ்வளவு சீக்கிரம் முடிக்காது."

எனக்கு எல்லாம் விளங்கியது. காதுவரை சூடேறியது. இனி இந்த ஜென்மத்தில் இவளுடைய 'தொடாதீங்க'வுக்கு மசிவதில்லை என்று இன்னொரு சபதம் செய்தேன். இந்தச் சபதத்தை வாய்விட்டே செய்தேன்.

"சரிங்க," என்றாள் அவள் பணிவாக. ஹார்னை அழுத்தினாள். அது தொண்டை கட்டிய குரலில் முனகியது. "இதுதான் கொஞ்சம் சரியில்ல. இருந்துட்டுப் போகட்டும். நீங்க இதைத் தொடாதீங்க. ஹார்ன் வேலையெல்லாம் உங்களுக்கு வராது."

நான் சிரித்தேன். இந்தத் தந்திரம் ஒருதரம்தான் பலிக்கும் என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். விஷயம் அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வேறு ஒரு வேலையாகத்தான், ஸ்க்ரூ டிரைவர் கேட்டுப் பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எடுத்து வைத்திருந்தார்.